ஆற்றங்கரைத் தோட்டக்காரர் ஜென்னாமி

டில்லி மாநகரின் மேற்கே, அரவல்லி மலைத்தொடரின் கடைசிப் பாறை முகட்டின்மீது புத்த ஜயந்திப் பூங்கா அமைந்திருக்கிறது. பகவான் புத்தரின் 2500ஆம் ஆண்டு நிறைவை நாடு கொண்டாடியதன் நினைவாக எழுந்த பூங்கா அது. 1964ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அப்போது தலைமை அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அங்கே போதி மரக்கன்றொன்றை நட்டார். 1993ஆம் ஆண்டில் பொன்முலாம் பூசிய புத்தர் திருவுருவம் அங்கே அமைக்கப்பெற்றது. ஓடையும் சிறு பாலமும் மேடும் பள்ளமும் உள்ள அவ்விடத்தில் உலவி வரும் டில்லித் தமிழ் அன்பர்கள் சிலர்க்கு, தம் வீட்டு முற்றத்திலோ விஹார வாயிலிலோ ஜப்பானிய முறையில் ஒரு சிறு தோட்டம் வைக்க வேண்டும் என்னும் ஆவல் எழுவதுண்டு. என்ன செடி வைக்கலாம் என்று கேட்பார்கள். செடியின் பெயரைக் கேட்குமுன் செடி வைத்தவனின் பெயரைக் கேட்பது முறை என்பது நம் கருத்து. ஆகவே ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதுகிறோம்.

ஜப்பானியத் தோட்டம் என்றவுடன் நூல்கள் பலவும் கியோத்தோ நகரத்து வெள்ளி மண்டபத்தைக் காட்டும். அதை அமைத்தவர் ஷோகன் அஷிகாகா யோஷிமாசா என்றும் கூறும். ஷோகன் என்பது படைத்தலைமையும் ஆட்சியும் ஒருங்கே கொண்டவரின் பட்டம். யோஷிமாசா 1436இல் பிறந்து 1490இல் மறைந்தவர். அவர் அமைத்தார் என்பது, அமைக்கக் கட்டளையிட்டார் என்னும் அளவில் உண்மை. மண்ணை வெட்டியதும், கல்லைத் தூக்கி நிறுத்தியதும், மரத்தைத் தேடிக் கொணர்ந்து நட்டதும் வேறு கைகள். பஞ்சாலையில் தறியருகே நின்று பிழைத்த எமக்கு இது புதிய செய்தியன்று. துணியின் ஓரத்தில் ஆலையின் முத்திரை இருக்கும். தறி ஓட்டியவனின் பெயர் இராது. ஆயினும் ஜப்பானில் அக்கைகளுள் ஒரு கையின் பெயர் தப்பி நின்றது. அப்பெயரே ஜென்னாமி.

ஜென்னாமி பிறந்தது 1386 அளவில். பிறந்த குலம், கவராமோனோ என்று அந்நாட்டார் அழைத்த குலம். அச்சொல்லுக்கு ஆற்றங்கரையோர் என்பது பொருள். கியோத்தோவின் கிழக்கே ஓடும் காமோ ஆற்றின் மணற்கரையில் அவர்கள் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். வெள்ளம் வந்தால் அழியும் நிலமாதலால் அதற்கு வரியில்லை; தோல் பதனிடத் தண்ணீரும் அருகே கிடைக்கும். செத்த மாட்டை அகற்றுவதும், தோலை உரிப்பதும், கிணறு தோண்டுவதும், தெருப் பெருக்குவதும் அவர்கள் வேலை. குற்றவாளியைக் கொல்லும் கொடிய வேலையும் அவர்கள் தலையில் சுமத்தப்பட்டது. அவ்வேலைகள் இல்லாமல் ஊர் ஒருநாளும் நடவாது. அவற்றைச் செய்தவரையோ ஊர் தீண்டாது. நம் அன்பர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்நாடு பௌத்த நாடு அன்றோ, அங்கே இது எப்படி என்று சிலர் வியக்கலாம். வியப்பதோடு நில்லாமல் வருந்தவும் வேண்டும். உயிர்க்கொலை செய்யாதே என்று பகவான் அருளியது ஒவ்வொருவனும் தன் கையைக் காத்துக்கொள்வதற்காக. அடுத்தவன் கையைப் பார்த்து முகஞ்சுளிப்பதற்காகவன்று. செத்த மாட்டின் தோலைத் தாமே செருப்பாகவும் சேணமாகவும் கவசமாகவும் அணிந்துகொண்டு, உரித்துக் கொடுத்தவனை மட்டும் தீட்டுடையவன் என்று தள்ளிய பிரபுக்கள், சீலத்தைத் தலைகீழாகப் பிடித்தவர்கள். அரண்மனைத் தோட்ட வேலைக்கு வந்த ஆற்றங்கரையோரை அசுத்தர் என்று கூறி விலக்கியதும் அக்காலத்தில் நிகழ்ந்ததுண்டு. தரும நாட்டில் படிந்த இக்கறையை மறைத்து எழுதுவதால் தருமத்திற்குப் பெருமை வாராது.

தோட்டக் கலைக்கு அவர்கள் வந்த வழி வேறு. முற்காலத்தில் தோட்டம் வகுத்தவர்கள் பிரபுக்களும், கல் நாட்டும் துறவிகள் என்று பெயர் பெற்ற பிக்குகளுமே. மண் சுமக்கவும் குளம் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. கிணறு தோண்டிப் பழகிய ஆற்றங்கரையோர் கூலிக்கு அழைக்கப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், எந்தக் கல் எந்தப் பக்கம் சாய்ந்தால் நிற்கும், எந்த மரம் எந்த மாதத்தில் பெயர்த்தால் பிழைக்கும் என்பதை ஏடு படித்தவர்களைவிட நன்றாக அறிந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் வகுப்பதும் அவர்கள் கைக்கே வந்துவிட்டது. மலையும் நீரும் அமைக்கும் ஆற்றங்கரையோர் என்றொரு தனிப்பெயரும் வழங்கலாயிற்று.

அப்படி உயர்ந்தும் அவர்கள் வாழ்வு கத்திமுனையில் நின்றது. யோஷிமாசாவின் தந்தை யோஷிநோரி ஷோகனாயிருந்த காலத்தில், அவருக்குக் காணிக்கையாக வந்த பிளம் மரமொன்றைக் கொண்டு வருகையில் கிளை முறிந்துவிட்டது. ஒரு கிளைதான். அதற்காகத் தோட்டக்காரர்கள் சிறையில் தள்ளப்பட்டார்கள். மரத்தின்மேல் அத்துணை அன்பு! மனிதர்மேல் எள்ளளவும் இல்லை. இத்தகைய ஆண்டைகளிடம் வேலை செய்துதான் அக்கலை வளர்ந்தது என்பதை மறவாதிருப்போமாக.

ஜென்னாமி என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. அதில் உள்ள ஜென் என்பதைத் தியானப் பிரிவின் பெயராகக் கொள்ளலாகாது. நன்மை என்னும் பொருளுடைய வேறொரு சொல் அது. ஆமி என்னும் முடிவு, அமிதாப புத்தரின் திருநாமத்திலிருந்து வருவது. இப்பெயர்முறையின் பின்னே ஒரு பெரியார் இருக்கிறார். 1239இல் பிறந்து 1289இல் மறைந்த இப்பென் என்னும் பிக்கு, அமிதாபரின் நாமம் எழுதிய சிறு சீட்டுகளைக் கையிலேந்தி நாடெங்கும் நடந்தார். பெறுபவன் நம்புகிறவனா நம்பாதவனா, சுத்தனா அசுத்தனா என்று கேளாமல் எதிர்ப்பட்டோர் யாவர்க்கும் கொடுத்தார். அவர் வழியில் சேர்ந்தவர்கள் ஆமி என முடியும் பெயரைப் பூண்டார்கள். அப்பெயரின் நிழலில் பிறப்பின் தாழ்வு ஓரளவு மறைந்தது. ஷோகனின் மாளிகைக்குள் நடக்கவும், அவரோடு நேரில் பேசவும் அது வழிவிட்டது. பெயர் மாறினால் என்ன மாறிவிடும் என்று நம்மைப் பார்த்து எள்ளுபவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அவர் பெயர் ஏடுகளில் விளங்கத் தொடங்குவது 1458 அளவில். ஷோகோகுஜி என்னும் பெருமடத்தைச் சேர்ந்த இன்ரியோகென் என்னும் இல்லத்தில் அவர் தோட்டம் அமைத்ததாக அம்மடத்து நாட்குறிப்பு கூறுகிறது. அப்போது அவர் வயது எழுபதைக் கடந்துவிட்டது! நாமெல்லாம் கைகால் ஓய்ந்து திண்ணையில் உட்காரும் பருவத்தில் அவருடைய புகழ் வாழ்வு தொடங்குகிறது. அடுத்த ஆண்டுகளில் ஷோகனின் மலர் மாளிகையிலும் தாகாகுரா மாளிகையிலும் அவர் கைப்பட்டது. தாகாகுரா தோட்டத்திற்கு ஒரு கதை உண்டு. கியோத்தோவின் மேற்கே சைஹோஜி என்னும் மடத்தில், முஸோ என்னும் பெரியார் 1339இல் புதுப்பித்த தோட்டம் ஒப்பற்றதாகப் போற்றப்பட்டது. அதனுள் பெண்கள் நுழையலாகாது என்பது மடத்தின் விதி. ஷோகனின் தாய் அதைக் காண விரும்பினார். விதியை மாற்ற இயலாத மகன், அதைப்போன்ற தோட்டமொன்றைத் தாயின் இருப்பிடத்திலேயே அமைக்கச் செய்தார். மடத்திற்குள் அனுமதிக்கப்படாத ஒரு பெண்ணுக்காக, ஊருக்குள் அனுமதிக்கப்படாத குலத்து மனிதர் வேலை செய்தார்.

இனி, செடி தேரும் முறைக்கு வருவோம். ஜப்பானியத் தோட்டக் கலைக்கு மூல நூலாகக் கொள்ளப்படுவது பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த சகுதெய்கி. அதிலே மரங்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. வீட்டின் கிழக்கே ஓடும் நீர் இல்லையெனில் ஒன்பது வில்லோ மரங்கள், மேற்கே பெருவழி இல்லையெனில் ஏழு கதால்பா மரங்கள், தெற்கே குளம் இல்லையெனில் ஒன்பது கத்ஸுரா மரங்கள், வடக்கே குன்று இல்லையெனில் மூன்று சைப்ரஸ் மரங்கள் நடலாம் என்று அந்நூல் விதிக்கிறது. இதைத் திசை பார்க்கும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவாரும் உளர். நாம் அதன் உட்பொருளைப் பார்க்கிறோம்: இயற்கையில் இல்லாததன் இடத்தை மரம் நிரப்பும் என்பதே அது. அதே பகுதியில் சேதவன விஹாரத்தின் வரலாறும் நினைவுகூரப்படுகிறது. அநாதபிண்டிகர் நிலமெங்கும் பொன்னைப் பரப்பி அவ்வனத்தைப் பகவானுக்காக வாங்கினார். மரங்களை விலைக்குக் கொடாமல் தம் கொடையாக அளித்தவர் சேத இளவரசர். தோட்டத்தில் நிலத்தைவிட மரமே உயர்ந்த தானம் என்று ஜப்பானியர் அதிலிருந்து கற்றார்கள்.

ஜென்னாமியும் அவர் இனத்தாரும் மரத்தைக் கடையில் வாங்கவில்லை, தேடிச் சென்றார்கள். காட்டில், மடத்து முற்றத்தில், பழைய வீட்டின் கொல்லையில், காற்றடித்து வளைந்த பைன், பாறையிடுக்கில் வேர்விட்டுக் குறுகிய பைன் எங்குண்டென்று கண்டறிவது அவர்கள் திறமை. முதிர்ந்த மரத்தைப் பெயர்க்க ஜப்பானியத் தோட்டக்காரர் கையாளும் முறையும் அறியத்தக்கது. ஓராண்டு முன்னதாகவே மரத்தைச் சுற்றிப் பள்ளந்தோண்டிப் பெருவேர்களை அறுத்து, மண்ணிட்டு மூடிவிடுவார்கள். அறுத்த இடத்தில் மெல்லிய புதுவேர்கள் கிளைத்த பின்பே, வேரோடு மண்ணையும் சேர்த்து வைக்கோல் கயிற்றால் வரிந்து கட்டித் தூக்குவார்கள். அவசரக்காரனுக்கு அங்கே வேலையில்லை.

டில்லி அன்பர்கள் இங்கே கவனிக்க வேண்டும். கியோத்தோவில் ஆண்டுக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர் மழை. பெரும்பாலான மாதங்களிலும் ஈரம். டில்லியில் அதில் பாதியளவே; அதுவும் ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகை வரை ஏறி, லூ என்னும் அனல்காற்று வீசும். படத்தில் கண்ட செர்ரியையும் சிவந்த மேப்பிளையும் மலைநாட்டு நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வந்து நட்டால் முதல் கோடையிலேயே இலை கருகிப்போகும். பாசிக்கம்பளம் வேண்டுமென்பார் சிலர். சைஹோஜியை இன்று புகழ்பெறச் செய்திருக்கும் பாசியை முஸோ நடவில்லை. மடம் வறுமையுற்றுத் தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்த பிற்காலத்தில், ஈரமும் நிழலும் கண்டு தானே வந்து படர்ந்தது அது. இன்று அங்கே சுமார் 120 வகைப் பாசிகள் உள்ளனவாம். டில்லி மண்ணில் அதை வலிந்து வளர்க்கத் தண்ணீர் கொட்டுவது வீண்வேலை. நிழலில் மாண்டோ புல்லும் வெயிலில் அருகும் போதும்.

பைன் மரத்தின் இடத்தில் எதை வைப்பது? பாறை முகட்டின் பழங்குடியாகிய தௌ என்னும் மரம் இருக்கிறது. நம் மலைகளில் உள்ள வெக்காலிக்கு இனமானது. கிளைகள் தொங்கலாக வளரும். ஆடுமாடு மேய்ந்தால் பாறையோடு ஒட்டிப் படர்ந்து, நூறாண்டுப் பைன் போலக் குறுகி நிற்கும். குளிர்காலத்தில் இலைகள் செம்பு நிறம் பெறும். மேப்பிளின் வேலையையும் அதுவே ஓரளவு செய்துவிடும். அதே முகட்டில் வளரும் களாவைக் கத்தரித்து உருண்டையாக்கினால் அசேலியாப் புதருக்கு ஈடாகும். முள்ளைப் பொருட்படுத்தாதவர்க்கு வெண்பூவின் மணம் இலவசம். வடவர் கச்னார் என்று வழங்கும் மந்தாரை, பிப்ரவரி மார்ச்சில் இலையுதிர்த்துப் பூத்து நிற்கும். செர்ரியை எண்ணி ஏங்குவோர் அதனடியில் அமரலாம். பிளம் மரத்திற்குப் பதிலாக, சமவெளியில் பழுக்கும் பீச் வகை பிப்ரவரியில் பூக்கும். மூங்கில் எங்கும் வளரும். ஆனால் வேர் ஓடும் வகையாயின் தொட்டியில் அடக்கி வைக்க வேண்டும், இல்லாவிடில் அண்டை வீட்டாரோடு பகை. எதை நட்டாலும் முதல் மழை விழுந்த பின் நடுக. வகைகள் நான்கைந்துக்கு மேல் வேண்டா. முற்றத்தைக் கண்காட்சிச் சாலை ஆக்குவது ஜப்பானிய முறையன்று.

மண்ணைக் கேளாமல் மரத்தைத் தேர்ந்தால் என்னாகும் என்பதற்கு அம்முகடே சாட்சி. ஆங்கிலேயர் ஆட்சியில் விரைவில் பசுமை வேண்டுமென்று அங்கே சீமைக்கருவேலத்தைக் கொணர்ந்து விட்டார்கள். நம் இராமநாதபுரத்து அன்பர்களுக்கு அதன் குணம் தெரியும். தௌவும் பிறவும் தம் சொந்த மண்ணிலேயே இடமிழந்தன.

மீண்டும் ஜென்னாமியிடம் செல்வோம். அவர் புகழ் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஜப்பானைப் பெரும் பஞ்சம் பற்றியது. 1461ஆம் ஆண்டின் முதலிரு மாதங்களில் தலைநகரில் மட்டும் 82,000 பேர் மடிந்தனர் என்று ஒரு பிக்குவின் குறிப்பு கூறுகிறது. பிணங்களின்மேல் சிறு மரத் தூபிகளை வைத்துக் கொண்டே சென்ற ஒருவர் எண்ணிய கணக்கு அது. காமோ ஆறு பிணங்களால் அடைபட்டது. கன்னாமி என்னும் துறவி, ரொக்காகு மண்டபத்தருகே குடில்கள் அமைத்துப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். ஷோகனோ மாளிகையும் தோட்டமும் கட்டிக்கொண்டிருந்தார். பேரரசர் அவரைக் கண்டித்துக் கவிதை எழுதியனுப்ப, வேலையைச் சிறிதுகாலம் நிறுத்தினார் என்பர்.

ஒரே திருநாமத்தைப் பூண்ட இருவர்: ஒருவர் கஞ்சி வார்த்தார், ஒருவர் குன்று அமைத்தார். ஜென்னாமியைக் குறை கூறலாமா? கட்டளையிட்ட ஷோகன் குற்றவாளி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் கிளை முறிந்தால் சிறை என்றிருந்த நாட்டில், எண்பதை நெருங்கும் ஆற்றங்கரைக் கிழவர் ஒருவர், ஷோகனிடம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, வயிறு நிரம்பியவன் பேசும் பேச்சு. பஞ்ச காலத்தில் தோட்டக் கூலி எத்தனை குடிசைகளில் அடுப்பெரித்தது என்பதையும் எண்ண வேண்டும். ஆயினும் இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நம் மனம் கன்னாமியின் பக்கமே முதலில் செல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

1466இல் சுயிஇன்கென் என்னும் இல்லத்தில் ஜென்னாமி ஒரு சிறு குன்றை எழுப்பினார். அதைக் கண்ட மடத்துப் பெரியவர், தொலைவும் அண்மையும் உயர்வும் தாழ்வும் அமைந்த அவ்வழகில் வீடு திரும்புவதையே மறந்ததாக எழுதி வைத்தார். ஒரு துறவி ஒரு தோல் உரிப்போர் குலத்தவரின் கைவேலையைப் பெயர் சுட்டிப் புகழ்ந்தெழுதியது சிறிய செய்தியன்று. ஜென்னாமி நோயுற்றபோது ஷோகன் மருந்து அனுப்பி விசாரித்ததும் நாட்குறிப்பில் உள்ளது.

மறு ஆண்டே, 1467இல், ஓனின் போர் மூண்டது. பதினோராண்டுகள் கியோத்தோ எரிந்தது. மாளிகைகளும் மடங்களும் அவற்றின் தோட்டங்களும் சாம்பலாயின. ஜென்னாமி வாழ்நாளெல்லாம் உழைத்தவற்றுள் தலைநகரில் ஒன்றும் மிஞ்சவில்லை. எண்பது கடந்த அவர் பழைய தலைநகராகிய நாராவிற்குச் சென்றார். கோஃபுகுஜி மடத்தைச் சேர்ந்த தைஜோஇன் என்னுமிடத்தில் மக்களைத் துணைக்கொண்டு மீண்டும் மண்ணை வெட்டத் தொடங்கினார். 1482இல் தம் 97ஆம் வயதில் காலமானார். யோஷிமாசா கிழக்கு மலையடிவாரத்தில், பின்னர் வெள்ளி மண்டபம் எனப்பட்ட தம் மாளிகையைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அத்தோட்டத்தில் ஜென்னாமியின் மகன் கோஷிரோவும் பேரன் மதஷிரோவும் உழைத்தார்கள். அதற்கு வேண்டிய மரங்களைத் தேடி ஆற்றங்கரையோர் நாராவின் மடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

1489இல் மதஷிரோ, ஷோகோகுஜி மடத்துத் துறவி கெய்ஜோ ஷூரினிடம் மனம் திறந்து பேசினார். கொலைத்தொழில் செய்யும் வீட்டில் பிறந்தது தமக்கு ஆறாத துயரம் என்றும், ஆகையால் எவ்வுயிரையும் கொல்வதில்லை என்று உறுதிபூண்டிருப்பதாகவும், பிறர் பொருளுக்கு ஆசைப்படாதிருக்க முயல்வதாகவும் கூறினார். பஞ்சசீலத்தில் இரண்டை, கேட்பாரும் கற்பிப்பாரும் இல்லாத ஆற்றங்கரையில் நின்று ஒருவர் தாமே மேற்கொண்டிருந்தார். சீலத்தைப் போதித்தே உண்ட துறவி அதைக் கேட்டு வியந்து, இவரே மனிதர் என்னும் கருத்துப்படத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். தம் பிறப்பைக் குறித்து மதஷிரோ வருந்தியிருக்க வேண்டியதில்லை என்பது எம் எண்ணம். வருந்தியிருக்க வேண்டியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். அவர் குலத்தார்க்குரிய இழிபெயரை ஜப்பானிய அரசு சட்டத்தால் நீக்கியது 1871இல். அதன் பின்னும் இழிவு தீராமையால், 1922 மார்ச்சில் அவர்கள் வழிவந்தோர் கியோத்தோவில் கூடிச் சமத்துவச் சங்கம் கண்டார்கள்.

தைஜோஇன் மடம் இன்றில்லை. மேஜி காலத்தில் கலைக்கப்பட்டது. அதன் குளமும் தீவுகளும் மட்டும் எஞ்சி நின்றன. 1958இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது; அகழ்ந்தாராய்ந்து செப்பனிட்டு 2010இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாரா நகரத்து விடுதியொன்றின் அருகே, சிவப்புப் பாலத்துடன் அக்குளம் கிடக்கிறது.